ஒலியின் தாமதத்தை அளந்தவர்

நுழையும்முன்

தொலைவில் நிகழும் ஒன்று நம்மை வந்தடையச் சிறிது காலம் பிடிக்கிறது. வெட்டவெளியில் எழும் ஒலிக்கும் அப்படித்தான். இணையத்தின் வழியே வரும் குரலுக்கும் அப்படித்தான். அந்தச் சிறுபொழுதை எவ்வாறு அளப்பது? அளந்த எண்கள் நாளுக்கு நாள் மாறினால் அவற்றுள் எதை உண்மை எனக் கொள்வது? இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் சென்னையில் இவ்வினாக்களுக்கு விடை தேடிய வானியலாளர் ஒருவரின் வாழ்க்கை இப்பாடமாக அமைந்துள்ளது.

மலைச்சரிவில் ஒரு காட்சி

தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது போடிநாயக்கனூர். அங்கிருந்து போடிமெட்டு நோக்கி ஏறும் பாதை கொண்டை ஊசி வளைவுகளாக நெளிந்து ஏலமலைக்குச் செல்கிறது. அச்சரிவில் நின்று பார்த்தால், பள்ளத்தாக்கின் மறுபுறத்தில் ஒருவர் கோடரியை ஓங்கி மரத்தில் இறக்குவது கண்ணுக்குத் தெரியும். ஓசை சற்றுப் பிந்தியே காதுக்கு எட்டும். கோடரி மீண்டும் மேலே எழும்பும் வேளையில் முந்தைய வெட்டின் ஒலி வந்து சேர்வதும் உண்டு. மலைவாழ் மக்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் இது பழகிய காட்சியாகும்.

அதே மலைப்பகுதியில் இன்று மற்றொரு தாமதமும் உணரப்படுகிறது. கைப்பேசியில் பாடம் கேட்கும் மாணவரின் திரையில் ஆசிரியரின் வாய் அசைகிறது. குரல் விட்டு விட்டு வருகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடிநாயக்கனூரிலும் கேரளத்தின் புற்றடியிலும் ஏலக்காய் மின்னேலம் நடைபெறுகிறது. பல மாத உழைப்பின் விலை அங்குச் சில நொடிகளில் முடிவாகிறது. அத்தகைய இடத்தில் ஒரு செய்தி எத்தனை நொடியில் சென்று சேர்கிறது என்பதும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவான காலத்தில் சேர்கிறதா என்பதும் நேர்மை சார்ந்த வினாக்களாகி விடுகின்றன.

தாமதத்தை அளக்க வேண்டும். தாமதம் எவ்வளவு மாறுகிறது என்பதையும் அளக்க வேண்டும். இவ்விரு பணிகளையும் கணினியும் மின்சாரமும் இல்லாத காலத்தில், பீரங்கியையும் கடிகாரத்தையும் துணையாகக் கொண்டு நம் மாநிலத்தில் செய்து காட்டியவர் ஜான் கோல்டிங்ஹாம் ஆவார்.

சென்னைக்கு வந்த வானியலாளர்

கோல்டிங்ஹாம் 1767ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலேயே சென்னைக்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் சென்னை எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்னும் கம்பெனி அலுவலர், தம் சொந்த ஆர்வத்தால் வானாய்வுக்கூடம் ஒன்றை அமைத்திருந்தார். அதன் கருவிகள் பின்னர்க் கம்பெனியின் பொறுப்புக்கு வந்தன. நில அளவையாளரும் வானியலாளருமான மைக்கேல் டாப்பிங் வடிவமைத்த புதிய கட்டடம் 1792ஆம் ஆண்டு நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. அதுவே சென்னை வானாய்வகம் எனப் பெயர் பெற்றது. கருவியைத் தாங்க அங்கு நிறுத்தப்பட்ட கருங்கல் தூணில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது.

கம்பெனி இந்த ஆய்வகத்தை அமைத்ததற்கு அறிவு வேட்கை மட்டும் காரணமன்று. கடலில் செல்லும் கப்பல்களுக்குத் திசையும் இடமும் தெரிய வேண்டும். கைப்பற்றிய நிலங்களுக்கு வரைபடம் வேண்டும். வணிகமும் ஆட்சியும் கேட்ட தேவைகளே வானியலுக்குப் பொருள் தந்தன. எனினும் அங்குப் பணியாற்றியோர் சேர்த்துவைத்த அளவீடுகள் அத்தேவைகளைக் கடந்தும் நிலைத்தன.

டாப்பிங் 1796ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய பொறுப்புகள் கோல்டிங்ஹாமை வந்தடைந்தன. சென்னை வானாய்வகத்தின் வானியலாளராக அவர் பணியேற்றார். டாப்பிங் 1794ஆம் ஆண்டு தொடங்கிய நில அளவைப் பள்ளியையும் அவரே நடத்தினார். சில மாணவர்களோடு தொடங்கிய அப்பள்ளியே வளர்ந்து இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியாக விளங்குகிறது.

பல்துறை அறிவு

கோல்டிங்ஹாம் கட்டடக் கலையிலும் தேர்ந்தவர். ஆளுநர் எட்வர்டு கிளைவின் காலத்தில், 1802ஆம் ஆண்டு நிறைவுற்ற விருந்து மண்டபத்தை வடிவமைத்தவர் அவரே. உயர்ந்த தூண்களும் அகன்ற படிக்கட்டுகளும் கொண்ட அம்மண்டபம், விடுதலைக்குப் பின்னர் இராஜாஜி மண்டபம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தமிழ்நாட்டின் தலைவர்கள் பலருக்கு மக்கள் இறுதி வணக்கம் செலுத்தியது அம்மண்டபத்தில்தான். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றியும் எலிபெண்டா குகைகளைப் பற்றியும் அவர் கட்டுரைகள் எழுதியுள்ளார். கண்டதைக் கண்டவாறு பதிவு செய்யும் பழக்கம், கல்லைப் பற்றி எழுதும்போதும் வானைப் பற்றி எழுதும்போதும் அவரிடம் ஒன்றாகவே இருந்தது.

வானிலைப் பதிவுகளையும் அவர் ஒழுங்குபடுத்தினார். வெப்பமானி, காற்றழுத்தமானி ஆகியவற்றின் அளவுகள் ஆய்வகத்தில் நாள்தோறும் குறித்து வைக்கப்பட்டன. பயன் உடனே தெரியாத அந்த எண்கள், பின்னாளில் அவருடைய தலைசிறந்த ஆய்வுக்கு அடித்தளமாயின.

நகருக்கு நேரம் தந்தவர்

ஓரிடத்தின் தீர்க்கக்கோட்டைக் கண்டறிய வேண்டுமானால், அவ்விடத்தின் நேரத்தையும் கிரீன்விச் நேரத்தையும் ஒப்பிட வேண்டும். கம்பித்தந்தியும் வானொலியும் இல்லாத அந்நாளில் இரண்டு இடத்தாரும் ஒரே நிகழ்வைக் காண்பது அதற்கு ஒரு வழி. வியாழன் கோளின் நிழலுக்குள் அதன் துணைக்கோள்கள் மறைவது அத்தகைய நிகழ்வாகும். அதனை இரண்டு இடங்களிலும் கண்டு, அந்தந்த ஊர் நேரத்தைக் குறித்து ஒப்பிட்டால் நேர வேறுபாடு கிடைத்துவிடும்.

இதே துணைக்கோள்கள் தாமதம் பற்றிய பழைய பாடம் ஒன்றையும் தந்திருந்தன. வியாழன் பூமிக்கு அண்மையில் இருக்கும்போது அம்மறைவுகள் கணித்த நேரத்திற்கு முன்னரும், தொலைவில் இருக்கும்போது பின்னரும் தெரிந்தன. ஒளியும் பயணம் செய்யக் காலம் எடுத்துக்கொள்கிறது என்பதை 1676ஆம் ஆண்டு ஓலே ரோமர் இம்மாறுபாட்டிலிருந்தே உணர்ந்தார். எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவராதபோது அவற்றைப் பிழை என ஒதுக்காமல் காரணம் தேடினால் புதிய உண்மை புலப்படும் என்பதற்கு இது சான்றாகும்.

சென்னை, கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முற்பட்டது என 1802ஆம் ஆண்டு கோல்டிங்ஹாம் நிறுவினார். இதுவே சென்னை நேரத்திற்கு அடிப்படையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இருப்புப்பாதைகள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. 1906ஆம் ஆண்டு இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வரும்வரை அதற்குத் தனிமதிப்பு இருந்தது.

1805ஆம் ஆண்டில் அவர் விடுப்பில் தாயகம் சென்றார். அவர் இல்லாத காலத்தில் ஜான் வாரன் என்பவர் ஆய்வகப் பொறுப்பைக் கவனித்தார். அவ்விடைவெளியில் இலண்டன் இராயல் கழகம் கோல்டிங்ஹாமைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. பின்னர் அவர் சென்னைக்குத் திரும்பி மீண்டும் ஆய்வகப் பொறுப்பை ஏற்றார்.

இரண்டு பீரங்கிகள்

ஒலி ஒரு நொடியில் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் அதற்கு முன்னரே அளந்திருந்தனர். ஆயினும் ஒருவர் கூறிய எண் மற்றவர் கூறிய எண்ணோடு பொருந்தவில்லை. குளிர்நாடுகளில் சில நாள்களில் அளந்த அளவு வெப்பநாட்டிற்குப் பொருந்துமா என்பதும் தெளிவாகவில்லை. கோல்டிங்ஹாம் இவ்வாய்வை 1820, 1821ஆம் ஆண்டுகளில் மேற்கொண்டார்.

அவருக்கு வாய்ப்பான சூழல் நுங்கம்பாக்கத்திலேயே இருந்தது. ஆய்வகத்தின் வடகிழக்கில் புனித ஜார்ஜ் கோட்டை; தென்மேற்கில் பரங்கிமலை. இரண்டு இடங்களிலும் படையினர் பீரங்கி முழக்குவது வழக்கம். ஆய்வகத்திலிருந்து கோட்டைப் பீரங்கி ஏறத்தாழ 13,932 அடி தொலைவிலும், பரங்கிமலைப் பீரங்கி ஏறத்தாழ 29,547 அடி தொலைவிலும் இருந்தன. இன்றைய கணக்கில் அவை முறையே 4 கிலோமீட்டருக்குச் சற்று மேலும், 9 கிலோமீட்டரும் ஆகும்.

அளக்கும் முறை எளியது. பீரங்கியின் தீச்சுடர் தெரிந்தவுடன் துல்லியக் கடிகாரத்தின் துடிப்பை எண்ணத் தொடங்க வேண்டும். முழக்கம் காதில் விழுந்தவுடன் நிறுத்த வேண்டும். 9 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு ஒரு நொடியின் இலட்சத்தில் மூன்று பங்கு காலமே போதும். ஆகவே சுடர் தெரிந்த கணத்தையே பீரங்கி வெடித்த கணமாகக் கொள்ளலாம். இதனால் பீரங்கியின் அருகில் ஒரு கடிகாரம், ஆய்வகத்தில் ஒரு கடிகாரம் என இரண்டை வைத்து அவற்றை ஒத்துப்போகச் செய்யும் தொல்லை இல்லாமற் போயிற்று. ஒரே கடிகாரம் புறப்பாட்டையும் வருகையையும் கூறியது.

இரண்டு பீரங்கிகள் எதிரெதிர்த் திசைகளில் இருந்ததும் பயன் தந்தது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது அது கோட்டையின் ஒலியை ஆய்வகத்தை நோக்கித் தள்ளும். பரங்கிமலையின் ஒலியை எதிர்த்து நிற்கும். தென்மேற்குக் காற்றின்போது நிலைமை தலைகீழாகும். இரண்டையும் ஒப்புநோக்கினால் காற்றின் பங்கை உணரலாம்.

மற்றவர்களிடமிருந்து கோல்டிங்ஹாம் வேறுபட்டது முறையினால் அன்று, பொறுமையினால். ஒரு நல்ல நாளைத் தேர்ந்து சில முறை அளந்து முடிவு கூற அவர் விரும்பவில்லை. வெயில், மழை, பனி, புழுக்கம் என எல்லாப் பருவங்களிலும் உதவியாளர்களின் துணையோடு அளவீடு தொடர்ந்தது. ஒவ்வொரு முழக்கத்திற்கும் நொடிக்கணக்கோடு வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை ஆகியவையும் குறிக்கப்பட்டன.

பன்னிரு மாதங்கள், பன்னிரு எண்கள்

ஆய்வின் முடிவுகள் 1823ஆம் ஆண்டு இராயல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. மாதந்தோறும் ஒலி ஒரு நொடியில் கடந்த தொலைவின் சராசரி, அடிக்கணக்கில் பின்வருமாறு அமைந்தது.

சனவரி – 1101
பிப்ரவரி – 1117
மார்ச் – 1134
ஏப்ரல் – 1145
மே – 1151
சூன் – 1157
சூலை – 1164
ஆகஸ்டு – 1163
செப்டம்பர் – 1152
அக்டோபர் – 1128
நவம்பர் – 1101
டிசம்பர் – 1099

இப்பன்னிரண்டின் சராசரி ஏறத்தாழ 1134 அடி. இதன்படி பரங்கிமலையின் முழக்கம் ஆய்வகத்தை அடைய 26 நொடி ஆகும். கோல்டிங்ஹாம் இந்த ஓர் எண்ணை மட்டும் கூறி நிறுத்தியிருந்தால், சனவரியில் அதே முழக்கம் ஏறத்தாழ 26.8 நொடியிலும் சூலையில் 25.4 நொடியிலும் வந்தது என்னும் செய்தி மறைந்தே போயிருக்கும். சராசரி எல்லா மாதங்களையும் குறிக்கிறது. ஆனால் எந்த மாதத்தின் நிலையையும் முழுமையாகக் கூறுவதில்லை.

மாற்றத்திற்கான காரணங்களையும் அவர் கணித்தார். வெப்பநிலை ஒரு ஃபாரன்ஹீட் பாகை உயர்ந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.2 அடி கூடுகிறது என்றார். இன்றைய இயற்பியல் கூறும் அளவு ஏறத்தாழ 1.1 அடி. இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பது வியப்பளிக்கிறது.

பிழையும் பெருமையே

கோல்டிங்ஹாமின் முடிவுகள் அனைத்தும் இன்று ஏற்கப்படுவன அல்ல. காற்றழுத்த மாற்றத்திற்கும் அவர் ஒரு திருத்தம் கூறியிருந்தார். வெப்பநிலை மாறாதபோது காற்றழுத்தம் ஒலியின் வேகத்தை மாற்றுவதில்லை என்பதே இன்றைய தெளிவு. சென்னையில் வெப்பம் மிகும் மாதங்களில் காற்றழுத்தம் குறையும். இரண்டும் சேர்ந்தே மாறுவதால் ஒன்றின் விளைவு மற்றொன்றின் மேல் ஏற்றப்பட்டது.

மேலும், மிகக் குறைந்த மாதத்திற்கும் மிகுந்த மாதத்திற்கும் இடையே அவர் கண்ட வேறுபாடு 65 அடி. சென்னையின் வெப்ப மாறுபாடு மட்டும் அவ்வளவு மாற்றத்தை விளைவிக்காது. காற்றின் ஓட்டமும், கடிகாரத்தின் நுண்மைக் குறைவும், சுடரைக் கண்டவுடனும் ஒலியைக் கேட்டவுடனும் மனிதர் செயற்பட எடுத்துக்கொள்ளும் நேரமும் அதில் கலந்திருக்க வேண்டும். அளக்கப்படும் பொருளில் உள்ள மாறுபாடு ஒருவகை. அளப்பவரிடமும் கருவியிடமும் உள்ள மாறுபாடு மற்றொரு வகை. இவற்றைப் பிரித்தறிவதே அளவியலின் கடினமான பகுதியாகும்.

பின்வந்தோர் இதனை ஆராய முடிந்தது எவ்வாறு? கோல்டிங்ஹாம் தம் அளவீடுகளை அட்டவணைகளாகவே வெளியிட்டிருந்தார். தமக்கு உகந்த எண்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கியிருந்தால், முடிவு அழகாகத் தோன்றியிருக்கும். திருத்துவதற்கு வழி இருந்திருக்காது. ஒளிவுமறைவற்ற பதிவே அவருடைய பிழையையும் பயனுள்ளதாக ஆக்கியது.

அதே காலத்தில் அவர் ஊசல் ஆய்வுகளையும் நடத்தினார். பூமியின் வடிவத்தை அறிய, சென்னையில் ஊசலின் அசைவுகள் எண்ணப்பட்டன. நிலநடுக்கோட்டை அண்மிய சுமத்திராப் பகுதித் தீவு ஒன்றிலும் அவருடைய ஏற்பாட்டில் அவ்வாய்வு நடைபெற்றது. 1830ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய கோல்டிங்ஹாம், 1849ஆம் ஆண்டு மறைந்தார்.

பொதிகளின் தாமதம்

கோல்டிங்ஹாம் பீரங்கிகளைக் கொண்டு செய்ததை இன்று கணினி நிரல் செய்கிறது. இணையத்தில் செல்லும் குரலும் காட்சியும் சிறுசிறு தரவுப் பொதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. அனுப்பும் நிரல் ஒவ்வொரு பொதியிலும் வரிசை எண்ணையும் புறப்பட்ட நேரத்தையும் எழுதுகிறது. பெறும் நிரல், பொதி வந்த நேரத்தைக் குறித்து, அதிலிருந்து புறப்பட்ட நேரத்தைக் கழிக்கிறது. கிடைப்பது தாமதம். அடுத்தடுத்த பொதிகளின் தாமதங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் கணித்தால் தாமத மாறுபாடு கிடைக்கும். கணினித் துறையினர் இதனை ஜிட்டர் என்பர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு பாதையில் ஐந்து பொதிகளின் தாமதம் மில்லி நொடிக்கணக்கில் 49, 50, 49, 50, 49. மற்றொரு பாதையில் 40, 42, 39, 85, 41. இரண்டின் சராசரியும் 49.4 மில்லி நொடியே. ஆனால் முதற்பாதையில் அடுத்தடுத்த பொதிகளின் வேறுபாடு ஒவ்வொரு முறையும் 1 மட்டுமே. இரண்டாம் பாதையில் அவ்வேறுபாடுகள் 2, 3, 46, 44. அவற்றின் சராசரி 23.75. முதற்பாதையில் குரல் சீராக வரும்; இரண்டாம் பாதையில் ஒரு சொல் அறுபடக்கூடும். சராசரியை மட்டும் அச்சிடும் நிரல் இரண்டு பாதைகளையும் ஒன்றெனவே கூறிவிடும்.

ஒலியின் வேகத்தைக் காற்றும் வெப்பமும் மாற்றுவது போல, பொதிகளுக்கு இடைவழிக் கருவிகளில் ஏற்படும் நெரிசலும் வலுவிழந்த அலைச்சமிக்ஞையும் தடையாகின்றன. பெறும் கருவி வரும் பொதிகளைச் சிறிது நேரம் தேக்கிவைத்து, பின் சீரான இடைவெளியில் வெளிவிடுவதன் மூலம் மாறுபாட்டை ஓரளவு மறைக்கிறது. எவ்வளவு நேரம் தேக்குவது என்பதை முடிவு செய்ய மாறுபாட்டின் அளவு தெரிந்திருக்க வேண்டும்.

இங்கும் கடிகாரச் சிக்கல் உண்டு. பொதிக்கு முன்னே செல்லும் தீச்சுடர் எதுவும் இணையத்தில் இல்லை. ஆகவே இரு முனைகளிலும் உள்ள கடிகாரங்களை ஒத்துப்போகச் செய்ய வேண்டும். இல்லையேல் பொதியை அனுப்பி மறுமொழி பெற்று, போய்வந்த நேரத்தை ஒரே கடிகாரத்தில் அளக்க வேண்டும். ஆனால் ஒன்று: ஒரு கடிகாரம் மாறாத அளவில் பிந்தியிருந்தால் தாமதம் தவறாகத் தெரியுமே தவிர, தாமத மாறுபாடு சரியாகவே கிடைக்கும். ஒரு தாமதத்திலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது அப்பிழை நீங்கிவிடுகிறது.

மலையிலிருந்து மலைக்கு

சென்னை வானாய்வகத்தின் வானியல் பணி, 1899ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கொடைக்கானல் ஆய்வகத்தின் வழியே தொடர்ந்தது. போடிநாயக்கனூருக்கு அண்மையில் உள்ள பழனிமலைத் தொடரில் அவ்வாய்வகம் இன்றும் இயங்குகிறது. கோட்டையும் பரங்கிமலையும் தந்த எண்களைக் குறித்த மரபு, இவ்வாறு மலையை வந்தடைந்தது.

ஏலமலைச் சரிவில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நிற்கும் மாணவர் ஒருவர், இணைப்பு நன்றாக இல்லை எனக் குறைகூறுவதோடு நின்றுவிடலாம். அல்லது சில வரிகளில் நிரல் எழுதி, காலை, நண்பகல், மழைப்பொழுது, நள்ளிரவு எனப் பல வேளைகளில் தாமதத்தை அளந்து, ஒவ்வோர் எண்ணையும் அதன் சூழலோடு பதிவு செய்யலாம். முன்னது முறையீடு, பின்னது சான்று. எந்த வேளையில், எந்த இடத்தில், எவ்வளவு தடை என்பதைக் காட்டும் அட்டவணையை யாரும் எளிதில் புறந்தள்ள இயலாது.

சராசரியோடு மாறுபாட்டையும் மறைக்காமல் எழுதிவைக்க வேண்டும் என்பதே கோல்டிங்ஹாமின் அட்டவணை விட்டுச்சென்ற பாடம். பரங்கிமலையின் முழக்கம் 26 நொடியில் அடங்கிவிட்டது. அதைக் குறித்துவைத்த எண்கள் இருநூறு ஆண்டுகள் கடந்தும் ஆராயப்படுகின்றன.

கற்பவை கற்றபின்

1. கோல்டிங்ஹாமின் ஆய்வுக்கு ஒரே கடிகாரம் போதுமானதாக இருந்தது ஏன் என்பதை விளக்குக.

2. கைப்பேசி இணைப்பின் தாமதத்தை ஒரு வாரம் நாள்தோறும் மூன்று வேளை அளந்து, வானிலைக் குறிப்புடன் அட்டவணைப்படுத்துக. சராசரியையும் தாமத மாறுபாட்டையும் தனித்தனியே கணக்கிட்டு வகுப்பில் உரையாடுக.

3. பிழையான முடிவும் அறிவியலுக்குத் துணைபுரியும் என்னும் கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.